கூத்து வாத்தியாருக்கு ஒரு வகுப்பறை: கலை பண்பாட்டுத் துறைக்கும் பள்ளிக் கல்வித் துறைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

இரண்டு துறைக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். நான் கேட்கப்போவதை ஒரு துறையிடம் கொண்டுபோனால் அது அடுத்த துறையின் வேலை என்று பதில் வரும். கலைஞர் என்றால் கலை பண்பாட்டுத் துறை, பிள்ளைகள் என்றால் பள்ளிக் கல்வித் துறை. கலைஞரும் பிள்ளைகளும் ஒரே அறையில் உட்கார்ந்தால் அது யாருடைய துறை என்பதற்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

நான் செய்யாறு பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர். கூத்துக் குடும்பத்தில் வாக்கப்பட்டவள். மாமனார் துரியோதனன் வேஷம் கட்டியவர், இப்போது முழங்கால் ஒத்துழைக்காமல் பின்பாட்டோடு நிறுத்திக்கொண்டார். ஆக, இந்த மடலில் எனக்குச் சொந்த அக்கறை உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கேட்பது இதுதான். ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்கு ஆண்டுக்கு ஒரு சிறு கலை மானியம். அந்த ஒன்றியத்தில் இருக்கும் ஒரு கலைஞரோ, ஒரு ஜமாவோ (கூத்துக் குழுவோ), ஓர் அரசுப் பள்ளியோடு சேர்ந்து ஐந்து மாதம் வேலை செய்ய வேண்டும். முடிவில் ஊர் பார்க்க ஏதாவது ஒன்று வெளிவர வேண்டும். ஒரு லட்சம் ரூபாய் போதும். தமிழ்நாட்டில் 388 ஊராட்சி ஒன்றியங்கள். எல்லாவற்றுக்கும் கொடுத்தால் 3 கோடியே 88 லட்சம்.

அரசு கலைக்கு ஒன்றுமே செய்வதில்லை என்று சொல்ல வரவில்லை. இயல் இசை நாடக மன்றம் நலிந்த கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் தருகிறது. எங்கள் தெருவிலேயே அதை நம்பி இருப்பவர்கள் உண்டு. இசைக்கருவியும் ஆடை அணிகலனும் வாங்க 10,000 ரூபாய் தரும் திட்டம் இருக்கிறது. 2007இல் வந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் அடையாள அட்டை தருகிறது. ஜவகர் சிறுவர் மன்றம் சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குப் பாட்டும் பரதமும் ஓவியமும் சொல்லித் தருகிறது. மாவட்ட இசைப்பள்ளிகள் 17 இருக்கின்றன. பொங்கலுக்குச் சென்னை சங்கமம். தஞ்சாவூரில் இருக்கும் தென்னகப் பண்பாட்டு மையத்தில் குரு-சிஷ்யத் திட்டம், அதில் குருவுக்கு மாதம் 7,500, துணைக் கலைஞருக்கு 3,750, மாணவருக்கு 1,500. விருதுகளும் வராமல் இல்லை. எங்கள் தெருக்கூத்துக் கலைஞர் புரிசைக் கண்ணப்ப சம்பந்தன் அவர்களுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே ஆண்டு பறைக்காக வேலு ஆசானுக்கும், அதற்கு முந்தைய ஆண்டு வள்ளி ஒயில் கும்மிக்காகப் பத்ரப்பன் அவர்களுக்கும் கிடைத்தது. ஊரே கொண்டாடியது.

ஆனால் இதையெல்லாம் வரிசையாக எழுதிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. கலைஞருக்கு வயதான பிறகு, அல்லது நலிந்த பிறகு, பணம் வருகிறது. அல்லது ஒரு மாலைக்கு மேடை வருகிறது. பிள்ளைகளுக்கான வகுப்புகள் பெரும்பாலும் மாவட்டத் தலைநகரத்தில் நடக்கின்றன. செய்யாறு பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை சனிக்கிழமை காலையில் திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறிப் போய்ப் பாட்டுக் கற்றுக்கொண்டு வரும் என்று எதிர்பார்க்க முடியாது. நாற்பது வயதுக் கலைஞர், உடம்பில் தெம்பும் குரலில் கனமும் இருக்கிறபோது, தன் ஊர்ப் பிள்ளைகளோடு ஒரு பருவம் உட்கார்ந்து வேலை செய்யக் கூலி தரும் திட்டம் எங்கள் ஒன்றியத்துக்கு இதுவரை வந்து சேரவில்லை.

அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழாவைச் சொல்வீர்கள். 2022இல் தொடங்கியபோது எங்கள் பள்ளியில் இருந்த உற்சாகத்தை நான் பார்த்தேன், குறை சொல்ல மனம் வராது. வாயே திறக்காத பிள்ளைகள் மேடை ஏறின. வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போய்க் கலையரசன், கலையரசி பட்டம் வாங்குவது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அது போட்டி. போட்டிக்குத் தயாராவதற்கும் கற்றுக்கொள்வதற்கும் நடுவில் தூரம் இருக்கிறது. தேதி தெரிந்த பிறகு இரண்டு வாரத்தில் ஒரு நடனம் தயாராக வேண்டும் என்றால், செல்பேசியில் ஒரு காணொளியைப் பார்த்து அப்படியே ஆடுவதுதான் வழி. பல ஆசிரியர்கள் உடை வாடகைக்கும் ஒப்பனைக்கும் கைக்காசு போடுகிறார்கள். தெருக்கூத்து என்று ஒரு பிரிவு இருந்தாலும் அதைச் சொல்லித்தர ஆள் யார்? நாலு தெரு தள்ளி ஒரு வாத்தியார் இருப்பார். அவரைக் கூப்பிடலாம் என்று யாருக்கும் தோன்றாது, தோன்றினாலும் என்ன கொடுப்பது என்று தெரியாது. அவரும் சும்மா வர மாட்டார், வரவும் கூடாது.

பள்ளிக்குள்ளேயே கலை ஆசிரியர்கள் இருக்கிறார்களே என்றால், 2012இல் மாதம் 5,000 ரூபாய்க்குப் பகுதிநேர ஆசிரியர்களாக வந்தவர்களின் கதை உங்களுக்கே தெரியும். ஓவியம், இசை, தையல் என்று வாரத்தில் மூன்று அரைநாள். நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் உட்கார்ந்த போராட்டங்களை எண்ணி முடியாது. நான் கேட்கும் மானியம் அவர்களுக்கு மாற்று இல்லை. அவர்களை நிரந்தரமாக்கினால் இந்த மானியத்துக்குப் பள்ளியில் ஒரு நல்ல துணை கிடைக்கும். இது வேறு பேச்சு, இதோடு விடுகிறேன்.

இப்போது மாதக் கணக்குக்கு வருகிறேன். என் வாதத்தில் பாதி இதில்தான் இருக்கிறது.

எங்கள் பக்கம் கூத்துக்குப் பருவம் உண்டு. பங்குனியில் தொடங்கும். சித்திரை, வைகாசியில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் துரியோதனன் வீழும் படுகளம். ஆடி வரை ஜமாக்களுக்கு ஓய்வில்லை. ஓர் ஊரில் விடிய விடிய ஆடிவிட்டு, அரிதாரத்தைத் துடைத்தும் துடைக்காமலும் வேனில் தூங்கிக்கொண்டே அடுத்த ஊருக்குப் போவார்கள். அப்புறம் மழை வரும். புரட்டாசியிலிருந்து மாசி வரை ஆட்டம் குறைவு, பல ஜமாக்களுக்கு அறவே இல்லை. அந்த மாதங்களில் அர்ச்சுனன் பெங்களூருவில் கட்டட வேலையில் இருப்பார், கூத்தில் சிரிக்க வைக்கும் கட்டியங்காரன் பெயிண்ட் அடித்துக்கொண்டிருப்பார். அப்படிப் போனவர்களில் சிலர் பங்குனிக்குத் திரும்புவதில்லை. ஜமா உடைவது பெரும்பாலும் இப்படித்தான்.

பள்ளியின் காலண்டரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலாண்டுத் தேர்வு முடிந்து அக்டோபரில் பள்ளி திறக்கும். பிப்ரவரி வரை பாடம் நடக்கும். மார்ச் வந்தால் பொதுத்தேர்வு. ஆக, பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் அதே ஐந்து மாதம்தான் கலைஞருக்கு வேலை இல்லாத மாதம். வாரம் இரண்டு வகுப்பு, மழையிலும் விடுமுறையிலும் விட்டுப்போனதற்கு ஈடாகச் சில வாரம் மூன்று வகுப்பு என்று வைத்தால், 40 வகுப்பு நடத்தலாம். இந்தப் பொருத்தத்தை யாரும் திட்டமிட்டு உண்டாக்கவில்லை, தானாக அமைந்திருக்கிறது. உங்கள் மானியம் இதற்குள் வந்து உட்கார்ந்தால் ஒரே பணத்தில் இரண்டு காரியம் நடக்கும்: பிள்ளைகளுக்கு ஆசான் கிடைப்பார், கலைஞர் ஊரை விட்டுப் போகாமல் இருப்பார்.

ஆனால் அரசுப் பணம் எந்த மாதத்தில் வருகிறது? பெரும்பாலும் பிப்ரவரியில், இல்லாவிட்டால் மார்ச்சில். நிதியாண்டு முடிவதற்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடு என்ற குறிப்போடு. அப்போது பள்ளியில் தேர்வு, கூத்தில் பருவத் தொடக்கம். இரண்டு பக்கமும் ஆள் கிடைக்காது. அதனால்தான் மார்ச் மாதத்தில் வரும் பணமெல்லாம் ஃபிளெக்ஸ் பேனராகவும் பொன்னாடையாகவும் மாறிவிடுகிறது. என் முதல் வேண்டுகோளே தொகையைப் பற்றியது இல்லை, தேதியைப் பற்றியது. விண்ணப்பம் ஜூனில், முடிவு ஆகஸ்டில், பணம் செப்டம்பர் கடைசிக்குள். இதைச் செய்ய முடியாது என்றால் மானியமே வேண்டாம், இருக்கிற திட்டங்களையே நடத்துங்கள்.

ஒரு லட்சம் எப்படிச் செலவாகும் என்று எங்கள் குழுவில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஆசானுக்கு ஒரு வகுப்புக்கு 1,000 வீதம் 40,000. துணைக் கலைஞர் ஒருவருக்கு, மிருதங்கமோ ஆர்மோனியமோ வாசிப்பவருக்கு, 600 வீதம் 24,000. கருவிகளுக்கும் உடைக்கும் 20,000. போக்குவரத்து, டீ, சுண்டலுக்கு 6,000. கடைசி நாள் அரங்கேற்றத்துக்கு, மைக் செட்டும் விளக்கும் உட்பட, 10,000. நூற்றுக்கு அறுபத்து நாலு ரூபாய் கலைஞர் கைக்குப் போகிறது பாருங்கள். இந்த விகிதத்தை விதியாகவே எழுதிவிட வேண்டும் என்பது என் எண்ணம். எழுதாவிட்டால் பந்தல்காரரும் பேனர் அடிப்பவரும் பாதியை வாங்கிக்கொண்டு, ஆடியவருக்கு ஒரு துண்டு மிஞ்சும்.

பணத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்கில் போடலாம். கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2022இல் நீங்களே அதைப் புதிதாக அமைத்து உயிர் கொடுத்தீர்கள். எங்கள் கூட்டங்களில் கழிப்பறை, சுற்றுச்சுவர், குடிநீர் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆண்டுக்கு ஒரு முறை கலையையும் பேசினால் குறைந்துபோக மாட்டோம்.

கணக்குக் காட்டுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பறை செய்பவர் ஜிஎஸ்டி பில் தர மாட்டார். பறையின் வட்டச் சட்டகத்துக்கு மரம் செதுக்கி, தோலைப் பதப்படுத்தி இழுத்துக் கட்டுபவரிடம் எண்ணிட்ட ரசீதுப் புத்தகம் இருக்காது. கூத்துக்கான கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் செதுக்குபவரும் அப்படித்தான். பில் கேட்டால் என்ன ஆகும்? பள்ளி டவுனுக்குப் போய் பில் தரும் கடையில் பிளாஸ்டிக் கிரீடமும் ஃபைபர் மேளமும் வாங்கி வரும். தணிக்கை திருப்தியாகும், கைவினைஞருக்கு ஒரு பைசா போகாது. ஒரு குறிப்பிட்ட தொகை வரை கையெழுத்திட்ட வெள்ளைத்தாள் ரசீது போதும், அதை மேலாண்மைக் குழுவில் மூன்று பேர் சரிபார்த்தால் போதும் என்று ஒரு வரி உத்தரவில் சேருங்கள். சந்தேகம் இருந்தால் மொத்தக் கணக்கையும் ஜனவரி 26 கிராம சபையில் ஒரு முறை, மே 1 கிராம சபையில் ஒரு முறை வாசிக்கச் சொல்லுங்கள். யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது ஊருக்குத் தெரிந்த விஷயம். அங்கே பொய்க் கணக்கு வாசிக்க ரொம்பத் துணிச்சல் வேண்டும்.

அரங்கேற்றம் எப்படி இருக்க வேண்டும் என்று நீங்கள் வரையறுக்காமல் இருந்தால் நல்லது. அரசின் திட்டங்களை விளக்கும் கலைக்குழு நிகழ்ச்சியாக அதை மாற்றிவிடாதீர்கள். டெங்குவுக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் கலைஞர்கள் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அது ஒரு பிழைப்பு, குறையில்லை. இந்தப் பணம் வேறு. எங்கள் ஊரில் என்றால் ஏரியைப் பற்றி ஒரு கூத்து செய்யலாம். மதகு யார் கட்டியது, எந்த வருஷம் உடைந்தது, அன்றைக்கு யார் வீட்டில் அடைக்கலம் புகுந்தார்கள் என்று பாட்டிமார்களிடம் பிள்ளைகள் கேட்டு எழுதி வர வேண்டும். வாத்தியார் அதற்கு மெட்டுப் போட்டு, வேஷங்கள் திரைக்குப் பின்னாலிருந்து நுழையும் திரைப்பிரவேசம் அமைப்பார். காகிதக்கூழில் கிரீடம் செய்வது ஓவிய ஆசிரியரின் வேலை. கடலோரப் பள்ளி வேறு ஒன்றைச் செய்யும், கொங்குப் பக்கம் கும்மி இருக்கிறது, குமரி மாவட்டத்தில் தோல்பாவைக் குடும்பங்கள் இருக்கின்றன. ஓவியமோ சுவர்ச் சித்திரமோ நாடகமோ கூட இருக்கட்டும். கிராமியக் கலைக்கு மட்டும் என்று வேலி போட வேண்டியதில்லை.

பிள்ளைகள் கூத்துக்காரர்கள் ஆக வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. என் மகளுக்கே அந்த எண்ணம் இல்லை. ஆனால் விடிய விடிய நினைவிலிருந்து பாடும் ஒருவரிடம் ஐந்து மாதம் உட்கார்ந்த பிள்ளைக்குத் தமிழ் வேறு மாதிரி வரும் என்பதை எங்கள் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தாத்தாவோடு சேர்ந்து விருத்தம் பாடும் பிள்ளைக்குச் செய்யுள் மனப்பாடம் பயம் தருவதில்லை. பெண் பிள்ளைகளும் இதில் வர வேண்டும். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் 2002இலிருந்து 2020 வரை ஒரு குருகுலம் நடத்தியது. பள்ளிப் படிப்பும் கூத்தும் ஒரே இடத்தில். பெண் பிள்ளைகள் வேஷம் கட்டி ஆடினார்கள். ஆண்கள் மட்டுமே ஆடிய கலையில் அது லேசான காரியம் இல்லை. ஒரு தனி அமைப்பு அத்தனை வருஷம் அதைத் தாங்கியது. அதில் ஒரு துளியைத்தான், இருக்கிற அரசுப் பள்ளிகளுக்குள், உங்களிடம் கேட்கிறோம்.

சாதியைப் பற்றிப் பேசாமல் இந்த மடலை முடித்தால் அது பாதி உண்மைதான். பறையாட்டம் இன்று கல்லூரி விழாவிலும் சென்னை மேடையிலும் கைதட்டல் வாங்குகிறது. எங்கள் பக்கத்து ஊர்களில் அதே பறையை வாசிப்பவர் சாவு வீட்டுக்கு மட்டும் அழைக்கப்படுகிறார், அவருடைய பேரன் அதைத் தொட வெட்கப்படுகிறான். அவரைப் பள்ளி வாசலில் தலைமை ஆசிரியர் வரவேற்று, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, எல்லாத் தெருப் பிள்ளைகளையும் அவர் முன்னால் உட்கார வைப்பது எளிதாக நடந்துவிடாது. சில பெற்றோர் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். சில இடங்களில் விண்ணப்பம் எழுதும்போதே பறை வேண்டாம், சிலம்பம் போதும் என்று பேசி முடிப்பார்கள். ஆகவே மானியம் யாருக்கு என்று தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு ஒரு கட்டளை வேண்டும்: ஒரு மாவட்டத்தில் எந்தெந்தக் கலைக்கு, எந்தெந்தத் தெருவில் இருக்கும் கலைஞருக்கு மானியம் போயிற்று என்று ஆண்டு முடிவில் பட்டியல் வெளியிட வேண்டும். பணம் கொடுப்பவர் கேட்கிறார் என்றால் சில கதவுகள் திறக்கும். எல்லாம் திறக்காது.

இப்படி வேறு எங்கேயாவது நடக்கிறதா என்று கேட்பீர்கள். பக்கத்திலேயே, கேரளத்தில். மாநிலம் உருவான அறுபதாம் ஆண்டையொட்டி வைர விழா பெல்லோஷிப் என்று ஒன்றைத் தொடங்கி, ஆயிரம் இளங்கலைஞர்களைத் தேர்ந்தெடுத்து உள்ளாட்சிகளில் இலவசமாகக் கலை சொல்லித்தர அனுப்பினார்கள். மாத உதவித்தொகையை அரசும் உள்ளாட்சியும் பங்குபோட்டுக்கொள்கின்றன. 1957இலிருந்து பள்ளிக் கலோத்சவம் நடத்தும் மாநிலம் அது, போட்டி மட்டும் போதும் என்று நினைத்திருக்கலாம். நினைக்கவில்லை.

தூரத்தில் ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தை 11 வட்டாரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கலை மன்றம் வைத்திருக்கிறார்கள். அந்த மன்றங்கள் சிறு ஊர்களுக்கும் பள்ளிகளுக்கும் சிறு மானியங்கள் தருகின்றன. யாருக்கு என்பதை அந்த வட்டாரத்துக்காரர்களே உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். 2008இல் அந்த மாநிலத்து மக்கள் வாக்களித்து, தங்கள் விற்பனை வரியைத் தாங்களே 0.375 சதவீதம் உயர்த்திக்கொண்டார்கள், 2034 வரை. ஏரி, காடு, பூங்காவுக்கு அதில் பெரும்பங்கு, 19.75 சதவீதம் கலை பண்பாட்டுக்கு. தண்ணீரையும் கூத்தையும் ஒரே வரியில் காப்பாற்ற நினைத்தவர்கள் எனக்குப் பிடித்துப்போனார்கள். வரியை உயர்த்துங்கள் என்று நான் கேட்கவில்லை. முடிவெடுக்கும் இடம் சென்னையில் இல்லாமல் எங்களுக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்பதைத்தான் அங்கிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

யாருக்கு மானியம் என்று தேர்ந்தெடுப்பது என்றவுடன் சிபாரிசு வரும். ஒன்றியத்தில் முடிவெடுத்தால் உள்ளூர்ப் பெரியவர்களின் ஆட்கள் வாங்கிக்கொள்வார்கள், சென்னையில் முடிவெடுத்தால் எங்களை யாருக்கும் தெரியாது. அதனால் மாவட்ட அளவில் ஐந்து பேர் கொண்ட குழு சரியாக இருக்கும். இரண்டு கலைஞர்கள், ஒரு தலைமை ஆசிரியர், இரண்டு பெற்றோர், எல்லோரும் ஆண்டுக்கு ஆண்டு மாற வேண்டும். தன் ஒன்றியத்து விண்ணப்பம் வரும்போது அந்த உறுப்பினர் வெளியே போய்விட வேண்டும். கிடைக்காதவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று நாலு வரி எழுதித் தர வேண்டும். இதையும் மீறிச் சிபாரிசு நுழையும், தெரியும். ஆனால் லட்ச ரூபாய்க்குச் சிபாரிசு பிடிப்பவர்கள் கோடி ரூபாய்க்குப் பிடிப்பவர்களைவிடக் குறைவு.

தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு பயம் இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் குறைந்தால் விளக்கம் கேட்கப்படுவது அவர்களிடம்தான், கூத்து வாத்தியாரிடம் இல்லை. எனவே ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பது வரை என்று வரம்பு வைத்துக்கொள்ளலாம். வகுப்புகள் கடைசி இரண்டு பாடவேளையில் நடக்கட்டும். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு ஒவ்வொரு வகுப்பிலும் பள்ளி ஆசிரியர் ஒருவர் உடனிருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

388 ஒன்றியத்திலும் ஒரே ஆண்டில் தொடங்க வேண்டாம். நான்கு மாவட்டங்களில் தொடங்குங்கள். திருவண்ணாமலை அதில் ஒன்றாக இருந்தால் சந்தோஷம், இல்லாவிட்டாலும் கோபமில்லை. சட்டமன்றத்தில் வரும் மானியக் கோரிக்கை விவாதத்தின்போது இரண்டு துறைகளில் எது இதை அறிவித்தாலும் சரி, ஆனால் அரசாணையில் இரண்டு துறைச் செயலாளர்களின் கையெழுத்தும் இருக்கட்டும்.

விண்ணப்பப் படிவத்துக்கு ஒரு மாதிரியை எங்கள் குழுவே எழுதி வைத்திருக்கிறது. இரண்டு பக்கம், முழுக்கத் தமிழில். கலைஞர் யார், பள்ளி எது, என்ன செய்யப்போகிறீர்கள், எதற்கு எவ்வளவு என்று நாலே கேள்வி. எழுதப் படிக்கத் தெரியாத கலைஞர் வாயால் சொல்ல, பிள்ளைகள் எழுதித் தரலாம் என்று கீழே ஒரு குறிப்பும் சேர்த்திருக்கிறோம். கேட்டு ஒரு கடிதம் போடுங்கள், மறு தபாலில் அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர்,
செய்யாறு வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்